மனதை முதன்முதலில் அளந்த சோதனைகள்: வீட்டு மேசையிலேயே செய்துபார்க்க முழு வழிகாட்டி

1796-இல் கிரீனிச் வானியல் நிலையத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளர் வேலையை இழந்தார். ஒரு நட்சத்திரம் தொலைநோக்கிக்குள் தெரியும் மெல்லிய கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் குறித்தது, நிலையத் தலைவர் நெவில் மாஸ்கெலின் குறித்ததைவிட 0.8 விநாடி பிந்தியிருந்தது. எச்சரித்தும் மாறவில்லை, அசட்டை என்று தீர்ப்பாயிற்று. சுமார் கால் நூற்றாண்டு கழித்து, கோனிக்ஸ்பெர்க் நகரில் ஃப்ரீட்ரிக் பெசல் தன் கணக்கைப் பிற வானியலாளர்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்த கைகளிடையேகூட இந்த வித்தியாசம் இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும் அந்தத் தாமதத்தை அளக்க முடியும், கணக்கில் கழிக்க முடியும் என்று அவர் காட்டினார்.

மனதைப் பற்றிய அறிவியல் இந்த இடத்தில்தான் கால் ஊன்றியது. 1786-இல் இம்மானுவேல் கான்ட், மனதின் நிகழ்வுகளுக்குக் கணிதம் பொருந்தாது, ஆகவே மன ஆராய்ச்சி ஒருநாளும் முறையான இயற்கை அறிவியல் ஆகாது என்று எழுதியிருந்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் வேபர், ஃபெக்னர், டொண்டர்ஸ், எபிங்ஹாஸ் ஆகியோர் அதை மறுத்தது வாதத்தால் அல்ல. "உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று மனதை நேராகக் கேட்டால் கிடைப்பது அபிப்பிராயம். மனம் எத்தனை முறை தவறுகிறது, எவ்வளவு தாமதிக்கிறது, எவ்வளவு மறக்கிறது என்று எண்ணினால் கிடைப்பது எண். இந்த நால்வரும் எண்ணினார்கள்.

அந்தச் சோதனைகளில் நான்கை இன்று வீட்டிலோ பள்ளியிலோ அப்படியே திரும்பச் செய்யலாம். கருவிச் செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது பொறுமையும் ஒழுங்கும்.

தொடங்கும் முன்

ஒருவர் சோதிப்பவர், மற்றவர் சோதனைக்கு உட்படுபவர். 1879-இல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வகத்தில் மாணவர்களே முறைவைத்து இரண்டு இடத்திலும் உட்கார்ந்தார்கள். நீங்களும் மாறி மாறி உட்காருங்கள். ஒரு முறை உட்பட்டுப் பார்த்தவருக்குத்தான் சோதிப்பவராக எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

எல்லாச் சோதனைக்கும் பொதுவான சில விதிகள் உண்டு. எந்தத் தூண்டல் (தொடுகை, எடை, ஒலி போன்றது) எப்போது வரும் என்பதை மனதில் தோன்றியபடி தீர்மானிக்கக் கூடாது. மனிதர் "தற்செயலாக" அடுக்கும் வரிசையில் ஒரு ஒழுங்கு இருக்கும். எதிரே இருப்பவர் அதைத் தன்னையறியாமல் பிடித்துக்கொள்வார். சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த வரிசையில் செய்யுங்கள். அமெரிக்காவில் சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் 1884-இல் எடை சோதனைக்குச் சீட்டுக்கட்டைக் கலைத்து வரிசை போட்டது அறிவியலில் ஒரு பெரிய முன்னேற்றம்.

பதில் சரியா தவறா என்று வாயாலோ முகத்தாலோ சொல்லக் கூடாது. ஒவ்வொரு பதிலையும் உடனே பேனாவால் எழுதுங்கள். எந்தப் பதிலை நீக்கலாம் என்ற விதியைத் தொடங்கும் முன்பே தாளின் தலையில் எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு "இது கணக்கில் வேண்டாம்" என்று தள்ள ஆரம்பித்தால் முழு உழைப்பும் வீண். 25 நிமிடத்துக்கு ஒரு முறை இடைவெளி விடுங்கள்.

முதல் சோதனை: தோலில் இரண்டு புள்ளி

எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் லைப்ஸிக்கில் உடற்கூறியல் பேராசிரியர். தொடுவுணர்வு பற்றி 1834-இல் லத்தீனில் அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. இரண்டு முனைகளைத் தோலில் ஒரே நேரத்தில் வைத்தால், எவ்வளவு இடைவெளி இருக்கும்போது "இரண்டு" என்று தெரிகிறது?

பொருள்கள்: ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள டிவைடர், மில்லிமீட்டர் ஸ்கேல், இரண்டு பல்குத்தும் குச்சி, டேப், கண்ணைக் கட்டத் துணி.

டிவைடரின் இரும்பு முனையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது குத்தும், வலி கலந்தால் அளப்பது தொடுவுணர்வு அல்ல. இரண்டு காலிலும் குச்சித் துண்டை டேப்பால் கட்டி, நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இரண்டும் ஒரே நீளமா என்று பார்க்க ஒரு நல்ல வழி: கண்ணாடி மேல் நேராக இறக்குங்கள். ஒரே "டக்" கேட்டால் சரி. "ட-டக்" என்று இரண்டாகக் கேட்டால் ஒரு முனை முந்துகிறது. அப்படிப்பட்ட கருவியில் உட்படுபவர் இடைவெளியை அல்ல, நேர வித்தியாசத்தை வைத்தே "இரண்டு" என்று சொல்லிவிடுவார். வீட்டுச் சோதனைகளில் நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவு வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

1. உட்படுபவர் கையை மேசைமேல் தளர்வாக வைக்கட்டும். கண்ணைக் கட்டுங்கள்.

2. தொடக்க இடைவெளி: விரல்நுனிக்கு 6 மி.மீ., உள்ளங்கைக்கு 20, முன்கையின் உள்பக்கத்துக்கு 60, முதுகின் நடுவே 90.

3. முனைகளைச் செங்குத்தாக இறக்கி, தோல் சற்றே குழியும் அளவுக்கு ஒரு விநாடி வைத்து எடுங்கள். அழுத்தாதீர்கள், இழுக்காதீர்கள்.

4. பதில் "ஒன்று" அல்லது "இரண்டு" மட்டும்.

5. விரல்நுனியில் 0.5 மி.மீ., உள்ளங்கையில் 2, முன்கையிலும் முதுகிலும் 5 மி.மீ. வீதம் குறைத்துக்கொண்டே போங்கள். முதன்முறை "ஒன்று" வந்ததும் நிறுத்தி, அந்த அளவுக்கும் முந்தைய அளவுக்கும் நடுவை எழுதுங்கள். முன்கையில் 40-க்கு "இரண்டு", 35-க்கு "ஒன்று" என்றால் 37.5.

6. அடுத்த சுற்றில் மிகச் சிறிய இடைவெளியிலிருந்து ஏறுங்கள். இறங்கு சுற்று 5, ஏறு சுற்று 5. பத்தின் சராசரியே அந்த இடத்தின் எல்லை.

நடுநடுவே, மூன்று தொடுகைக்கு ஒன்று வீதம், ஒரே முனையால் தொடுங்கள். அதற்கும் ஐந்தில் ஒன்றுக்கு மேல் "இரண்டு" என்று பதில் வந்தால் அந்தச் சுற்றுகள் செல்லாது. உட்படுபவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிர்பார்ப்பு உணர்வைத் திரிக்கிறது.

வேபர் பாரிஸ் "கோடு" என்ற அலகில் அளந்தார். ஒரு கோடு சுமார் 2.26 மி.மீ. நாக்கு நுனியில் அரைக் கோடு, விரல்நுனியில் ஒரு கோடு, முதுகின் நடுவில் 30 கோடு வரை. அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சத்திலிருந்து 6 செ.மீ.க்கு மேல் வரை. உங்கள் எண்கள் இதே வரிசையில் வர வேண்டும். அதே மதிப்பில் வர வேண்டும் என்பதில்லை. முன்கையில் நீளவாக்கில் அளப்பதைவிடக் குறுக்குவாக்கில் அளந்தால் எல்லை சிறிதாக வரும். இதையும் வேபரே கண்டார். ஆகவே திசையைக் குறித்து வைக்காத அளவு அரைகுறை.

இன்னொன்றையும் தவறாமல் செய்யுங்கள். டிவைடரை 20 மி.மீ.யில் நிறுத்தி, காதின் அருகே வைத்து, கன்னத்தின் வழியாக உதடு நோக்கி மெதுவாக இழுங்கள். முனைகள் வரவர விலகுவதுபோல் உணர்வு தோன்றும். இடைவெளி மாறவே இல்லை. தோலின் ஒவ்வொரு இடத்துக்கும் தனி அளவுகோல் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பழகப் பழக எல்லை சுருங்கும் என்பதை 1858-இல் ஜெர்மன் உடலியலாளர் ஃபோல்க்மன் காட்டினார். ஒரு கையில் பெற்ற பயிற்சி மறு கையின் அதே இடத்திலும் தெரிந்தது. எனவே இடக்கையையும் வலக்கையையும் ஒப்பிட விரும்பினால் ஒரு கையை முழுதாக முடித்துவிட்டு மறு கைக்குப் போகாதீர்கள். சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள்.

நம் மண்ணோடும் இந்த வகைச் சோதனைக்கு உறவு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02-இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கிப் பார்வை முதலிய புலன்களைச் சோதித்து, முடிவுகளை 1905-இல் வெளியிட்டார்.

இரண்டாம் சோதனை: எடையில் எவ்வளவு மாறினால் தெரியும்

நான்கில் அதிகம் கற்றுத்தருவது இது. வேபர் கண்டது: கையில் தூக்கிப் பார்க்கும்போது, எடை சுமார் 40-இல் ஒரு பங்கு மாறினால் தெரிகிறது. முக்கியமானது கிராம் கணக்கு அல்ல, பங்கு. 200 கிராமில் 5 கிராம் தெரிகிறவருக்கு 400 கிராமில் 10 கிராம் வேண்டும்.

இயற்பியல் பேராசிரியராக இருந்த குஸ்டாஃப் ஃபெக்னர், பின்பிம்பங்களை (ஒளியைப் பார்த்தபின் கண்ணில் தங்கும் உருவங்களை) ஆராயச் சூரியனைப் பார்த்ததில் கண் கெட்டு, சில ஆண்டுகள் இருட்டறையில் கிடந்து மீண்டவர். 1850 அக்டோபர் 22 காலை படுக்கையில் அவருக்கு ஒன்று தோன்றியது: தூண்டல் பெருக்கலாக ஏறும்போது உணர்வு கூட்டலாக ஏறுகிறது. பத்தாண்டு உழைத்து 1860-இல் அதை நூலாக்கினார். அந்த நூலின் விதியைவிட அதில் இருக்கும் முறைகள்தான் நிலைத்தன. இங்கே நாம் செய்வது "சரி, தவறு எண்ணும் முறை".

பொருள்கள்: ஒரே மாதிரியான, உள்ளே தெரியாத 7 டப்பா (மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா நல்லது), மணல், பஞ்சு, 1 கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு, வரைபடத்தாள்.

அடிப்படை டப்பா 200 கிராம். ஒப்பிடும் டப்பாக்கள் 182, 188, 194, 206, 212, 218. டப்பாவின் எடையும் சேர்த்தே இந்தக் கணக்கு. மணல் உள்ளே நகர்ந்தால் அந்த அசைவே அடையாளம் ஆகிவிடும். மேலே பஞ்சை இறுக்கி அடையுங்கள். எண்ணை அடிப்பக்கத்தில் எழுதுங்கள்.

டப்பாக்கள் ஒரே அளவில் இருப்பது அழகுக்காக அல்ல. ஒரே எடையுள்ள பெரிய பெட்டியும் சிறிய பெட்டியும் தூக்கப்பட்டால் சிறியதே கனமாகத் தோன்றும் என்று 1891-இல் ஃபிரெஞ்சு மருத்துவர் ஷார்ப்பான்ட்டியே காட்டினார். வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். வேபர் நெற்றியில் வெள்ளிக் காசுகளை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த காசு ஒன்று, வெதுவெதுப்பான காசுகள் இரண்டை அடுக்கி வைத்த அளவுக்குக் கனமாகத் தோன்றியது. ஏசி காற்றுக்கு நேராக ஒரு டப்பாவும் ஜன்னல் வெயிலில் ஒரு டப்பாவும் இருந்தால் உங்கள் கணக்கும் இப்படியே கெடும்.

1. ஆறு எடைக்கும் தலா 20 சீட்டு, மொத்தம் 120. ஒவ்வொரு எடையிலும் 10 சீட்டில் "அடிப்படை முதலில்", 10-இல் "அடிப்படை பின்னால்" என்று எழுதிக் குலுக்குங்கள்.

2. உட்படுபவர் கண்ணை மூடி, முழங்கையை மேசையில் ஊன்றி, ஒரே கையால் தூக்க வேண்டும். வைத்த இடம் மாறக் கூடாது. டப்பாவைத்தான் சோதிப்பவர் மாற்ற வேண்டும்.

3. போனில் சீரான தாளம் தட்டும் மெட்ரனோம் செயலியை நிமிடத்துக்கு 60-இல் ஓட விடுங்கள். ஒரு தட்டில் தூக்கு, அடுத்த தட்டில் இறக்கு. இரண்டு தட்டுகள் இடைவெளி விட்டு இரண்டாவது டப்பா. தூக்கும் வேகம் மாறினால் எடையுணர்வு மாறும்.

4. கேள்வி ஒன்றே: இரண்டாவது கனமா, லேசா? "சமம்" என்ற பதிலுக்கு அனுமதி இல்லை.

நான்காம் விதியில் பலர் தளர்வார்கள். "உண்மையாகவே வித்தியாசம் தெரியவில்லை, எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். ஊகித்துச் சொல்லுங்கள் என்பதே விடை. பியர்ஸும் ஜாஸ்ட்ரோவும் உட்படுபவரிடம் ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு நம்பிக்கை என்றும் கேட்டார்கள். நம்பிக்கை துளியும் இல்லை என்று சொன்ன பதில்களிலும் ஐந்துக்கு மூன்று சரியாக இருந்தன. தனக்குத் தெரியாது என்று மனம் சொல்லும் இடத்திலும் அதற்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. "சமம்" என்ற பதிலை அனுமதித்தால் இந்த அறிவு முழுவதும் கண்ணில் படாமல் போய்விடும்.

கணக்கு: ஒவ்வொரு ஒப்பீட்டு எடையும் 200-ஐவிடக் கனம் என்று 20-க்கு எத்தனை முறை தீர்ப்பானது? சதவீதமாக்குங்கள். கீழ் அச்சில் எடை, மேல் அச்சில் சதவீதம். ஆறு புள்ளியையும் சீரான வளைவால் இணைத்தால் இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் உயரும் கோடு வரும். வளைவு 25 சதவீதத்தையும் 75 சதவீதத்தையும் எந்த எடையில் கடக்கிறது என்று பாருங்கள். 194-இலும் 207-இலும் கடந்தால், வித்தியாசம் 13, பாதி 6.5. அதுதான் அந்த ஆள் 200 கிராமில் கண்டுகொள்ளும் மிகச் சிறிய மாற்றம். 6.5-ஐ 200-ஆல் வகுத்தால் 0.0325, ஏறத்தாழ 31-இல் ஒரு பங்கு. முதல் முறை செய்கிறவருக்கு இது நல்ல முடிவு.

இனி 400 கிராம் அடிப்படைக்கு 364, 376, 388, 412, 424, 436 என்று நிரப்பி மீண்டும் 120 முறை. வேபர் சொன்னது சரியென்றால் 13 கிராமுக்குப் பக்கத்தில் வரும். பங்கு ஒன்றாகவே இருக்கும். 50 கிராமுக்குக் கீழே போனால் பங்கு பெரிதாகிவிடும். வேபர் விதி மிகச் சிறிய தூண்டல்களில் நிற்பதில்லை. ஆகவே 30 கிராமில் தொடங்கிவிட்டு ஏமாறாதீர்கள்.

வளைவு 50 சதவீதத்தை 200-இல் கடக்காமல் தள்ளிக் கடந்தால், "அடிப்படை முதலில்" என்ற 60 முறையையும் "பின்னால்" என்ற 60 முறையையும் தனித்தனியாக வரையுங்கள். இரண்டு வளைவும் எதிரெதிர்ப் பக்கம் விலகியிருந்தால், எது முதலில் வந்தது என்பதே தீர்ப்பைச் சாய்த்திருக்கிறது. இந்த நேர வரிசைப் பிழையை ஃபெக்னரே கண்டு கணக்கில் எடுத்தார். பாதிப் பாதி மாற்றி வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வளைவு ஏறி இறங்கிக் கோணலாக வந்தால் பெரும்பாலும் கைச்சோர்வு. 120-ஐ இரண்டு நாளில் பிரித்துச் செய்யுங்கள்.

மூன்றாம் சோதனை: தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம்

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மனியின் தலைசிறந்த உடலியலாளர் ஜொஹானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளை நரம்பில் அளந்தார்: விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். நரம்புக்கு நேரம் ஆகிறதென்றால் சிந்தனைக்கு?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உடலியலாளர் டொண்டர்ஸ் 1868-இல் விடை கண்ட முறை கழித்தல். ஒலி கேட்டதும் அதே ஒலியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஒலி என்று முன்பே தெரிந்தால் 201 மில்லிவிநாடி. பல ஒலிகளில் எது வந்தாலும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றால் 284. பல ஒலி வந்தாலும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல், மற்றதற்குச் சும்மா இரு என்றால் 237. ஆக, ஒலியை இனம் காண 36, பதிலைத் தேர்ந்தெடுக்க 47 மில்லிவிநாடி.

வீட்டில் இதற்கு விழும் அளவுகோல் போதும். 30 செ.மீ. ஸ்கேல் பற்றாது; தேர்வு வரும்போது 40 செ.மீ. விழுந்துவிடும். துணிக்கடையில் பயன்படும் ஒரு மீட்டர் மரக்கோல் இரண்டு வாங்குங்கள்.

உட்படுபவர் இரு கையையும் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 3 செ.மீ. விட்டுத் திறந்து வைக்க வேண்டும். கோலின் பூஜ்யக் குறி விரலின் மேல்விளிம்பில் நிற்கட்டும். சோதிப்பவர் "தயார்" என்று சொன்னபின் 1 முதல் 4 விநாடிக்குள், குலுக்கிய சீட்டில் வந்த விநாடியில் விட வேண்டும். இந்தக் காத்திருப்பு ஒரே மாதிரி இருந்தால் உட்படுபவர் கோலைப் பார்க்காமல் தாளத்தைப் பிடித்துவிடுவார்.

முதல் வகையில் வலக்கோல்தான் விழும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் வகையில் வலமோ இடமோ, விழுவதைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் வகையில் இரண்டில் எதுவும் விழலாம், வலக்கோலை மட்டும் பிடிக்க வேண்டும். இடக்கோல் விழுந்தால் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் 10 முறை பழகிவிட்டு, 30 முறை எழுதுங்கள்.

தூரத்தை நேரமாக்க: தூரத்தை (மீட்டரில்) 2-ஆல் பெருக்கி 9.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 15 செ.மீ. என்றால் 0.175 விநாடி, 20 என்றால் 0.202, 25 என்றால் 0.226, 30 என்றால் 0.247, 40 என்றால் 0.286. ஒவ்வொரு தூரத்தையும் தனித்தனியே நேரமாக்கிய பிறகே சராசரி எடுக்க வேண்டும். தூரத்தைச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு மாற்றினால் விடை பிசகும். வர்க்கமூலம் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 5 செ.மீ.க்குள் பிடித்தவை 0.1 விநாடி, அது பார்த்துப் பிடித்தது அல்ல, முந்திக்கொண்டது. நீக்குங்கள், ஆனால் எத்தனை நீக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

விரல் மூடும் நேரமும் இந்த எண்களில் கலந்திருக்கிறது. ஆனால் மூன்று வகையிலும் ஒரே விரல், ஒரே தூரம். கழிக்கும்போது அது போய்விடும். டொண்டர்ஸ் முறையின் வலிமை அதுவே.

பலவீனமும் அங்கேதான். ஒரு படியைக் கூட்டினால் மற்றப் படிகள் மாறாமல் இருக்கும் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. 1888-இல் லுட்விக் லாங்கே, கவனம் கையில் இருந்தால் ஒரு நேரமும் வரப்போகும் ஒலியில் இருந்தால் வேறு நேரமும் வருவதைக் காட்டினார். வித்தியாசம் சுமார் 0.1 விநாடி. டொண்டர்ஸ் பிரித்தெடுத்த படிகள் எல்லாவற்றையும்விட இது பெரியது. பிறகு ஜெர்மன் உளவியலாளர் குல்பே இந்தக் கழித்தலையே கேள்விக்குள்ளாக்கினார்: வேலை மாறினால் முழு ஆயத்தமும் மாறுகிறது. நீங்களே பார்க்கலாம். முதல் வகையை இரண்டு தடவை செய்யுங்கள், ஒரு தடவை "விரலையே நினை" என்றும் மறுதடவை "கோலையே பார்" என்றும் சொல்லி. சொல்லும் வார்த்தை மாறினால் எண் மாறும். ஆகவே என்ன சொன்னீர்கள் என்பதையும் ஏட்டில் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும்.

நான்காம் சோதனை: மறதியின் வளைவு

இதற்கு ஒருவர் போதும், ஆனால் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னை மட்டுமே வைத்து 1879–80-இலும் மீண்டும் 1883–84-இலும் செய்து, 1885-இல் வெளியிட்டார். நினைவு இருக்கிறதா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மறந்ததை மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார்.

பொருளுள்ள சொல் ஒருவருக்கு ஒரு மாதிரி ஒட்டும் என்பதால் பொருளற்ற அசைகளை உண்டாக்கினார், சுமார் 2300. தமிழில் இதைச் செய்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். கல், பல், மண், நூல், தேன் என்று மெல்லினத்திலும் இடையினத்திலும் முடியும் ஓரசைகளில் பெரும்பகுதி சொற்கள்தான். எனவே தமிழ்ச் சொல் பெரும்பாலும் முடியாத ஒலிகளில் முடியுங்கள்: முதலில் க், ச், த், ந், ப், ம், ய், ர், ல், வ், நடுவே அ, ஆ, இ, ஈ, உ, ஊ, ஏ, ஓ, இறுதியில் க், ச், ட், ப், வ். மொத்தம் 400. இப்போது வேறு வழியாகப் பொருள் நுழையும்: கப், கேக், நோட், லேட், சோப், ரூட் எல்லாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள். இவற்றையும், "துக்" என்றதும் துக்கம் நினைவுக்கு வருவதுபோல் சொல்லின் தலையாக நிற்பவற்றையும் அடியுங்கள். கால்வாசி போனாலும் 300 மிஞ்சும். நூச், வாப், மீவ், பிவ், யாட், நேப் போன்றவை நிற்கும். சில அசைகள் மற்றவற்றைவிட எளிதில் ஒட்டத்தான் செய்யும். எபிங்ஹாஸும் இதை ஒப்புக்கொண்டார். சீட்டுக் குலுக்கலில் அது சமன்படும்.

சீட்டுகளைக் குலுக்கி, 10 அசை கொண்ட பட்டியல்களாக எழுதுங்கள். 3 பட்டியல் சேர்ந்தது ஒரு தொகுதி. 20 நிமிடம், 1 மணி, 9 மணி, 1 நாள், 6 நாள் ஆகிய ஐந்து இடைவெளிக்கு ஐந்து தொகுதி. அதற்கு முன் பழக இரண்டு தொகுதி. அவை கணக்கில் சேராது.

மெட்ரனோமை நிமிடத்துக்கு 100-இல் வையுங்கள். எபிங்ஹாஸ் 150-இல் படித்தார், தொடக்கத்தில் அது கடினம். தட்டுக்கு ஓர் அசை, ஒரே குரலில், தொடக்கம் முதல் முடிவு வரை. நடுவில் நின்று ஒரே அசையை உருப்போடக் கூடாது. கதை கட்டி இணைக்கவும் கூடாது. வந்துவிட்டது என்று தோன்றினால் தாளை மூடிச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் மீதியைப் படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு தவறும் இல்லாமல், தாளம் தவறாமல் ஒரு முறை சொன்னதும் கடிகாரத்தை நிறுத்துங்கள். இடைவெளி முடிந்ததும் அதே தொகுதியை அதே விதியில் திரும்பப் படியுங்கள்.

மிச்சம் = முதல் நேரம் கழித்தல் இரண்டாம் நேரம், வகுத்தல் முதல் நேரம், பெருக்கல் 100. முதலில் 540 விநாடி, ஒரு நாள் கழித்து 351 என்றால் மிச்சம் 189. அதாவது 35 சதவீதம்.

எபிங்ஹாஸ் 13 அசைகொண்ட 8 பட்டியல்களைத் தொகுதியாக வைத்துப் பெற்ற எண்கள்: 19 நிமிடத்தில் 58 சதவீதம், ஒரு மணிக்குச் சற்று மேல் 44, ஒன்பது மணியளவில் 36, ஒரு நாளில் 34, இரண்டு நாளில் 28, ஆறு நாளில் 25, 31 நாளில் 21. முதல் மணியில் சறுக்கிவிட்டு, பின் ஏறக்குறைய படுத்துவிடும் வளைவு. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் முர்ரேயும் டிரோஸும் ஒரே ஆளை வைத்துத் திரும்பச் செய்தபோது வளைவு பெரும்பாலும் அதேபோல் வந்தது. ஒப்பீட்டுக்கு எபிங்ஹாஸ் பொருளுள்ள கவிதையையும் படித்தார். அதே அளவு அசைகளுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமாக இருந்தது. ஒரு குறளையும் ஒரு பட்டியலையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால் இந்த இடைவெளியை உடனே உணரலாம்.

எங்கே கெடும்? ஒரே தொகுதியை 20 நிமிடத்திலும் மறுநாளும் சோதிப்பதுதான் மிகப் பரவலான தவறு. 20 நிமிடத்தில் திரும்பப் படித்ததால் அது புதுசாகிவிட்டது. மறுநாள் வருவது ஒரு நாள் மறதி அல்ல. ஒரு தொகுதிக்கு ஒரே இடைவெளி.

9 மணி இடைவெளியில் காலையில் படித்தது மாலையில் வரும். மாலையில் தனக்கு அதிக நேரம் பிடிப்பதை எபிங்ஹாஸ் கண்டு, கணக்கில் திருத்தினார். நீங்கள் திருத்துவதற்கு ஒரு புதுத் தொகுதியைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் படித்து வித்தியாசத்தை அறிந்துகொள்ளுங்கள். மாலையில் 10 சதவீதம் அதிகம் ஆனால், மாலை நேரத்தை 1.1-ஆல் வகுத்துப் பயன்படுத்துங்கள்.

இடைவெளிகளை வரிசையாக, சிறியதிலிருந்து பெரியதாகச் செய்யாதீர்கள். நாளுக்கு நாள் கை தேர்ந்துவிடும். கடைசியில் வரும் 6 நாள் தொகுதியில் அந்தத் தேர்ச்சி நினைவின் பெயரில் மிச்சமாகப் பதிவாகும். இடைவெளிகளையும் சீட்டுப் போட்டுக் குலுக்குங்கள். 6 நாள் தொகுதியில் மிச்சம் எதிர்க்குறியில் வந்தால், அதாவது திரும்பப் படிக்கவே அதிக நேரம் ஆனால், அந்த எண்ணை அழிக்காதீர்கள். அன்றைய தூக்கம், காய்ச்சல், அறையின் சத்தம் என்ன என்று பக்கத்தில் எழுதி, புதுத் தொகுதியோடு அதே இடைவெளியை இன்னொரு முறை செய்து, இரண்டின் சராசரியை வளைவில் இடுங்கள்.